ஆதரவுக்குப் பின் மறையும் சுமை

பணிச்சுமை கூடினால் அழுத்தம் கூடும், மேலாளரும் சக பணியாளரும் துணைநின்றால் அது தணியும் என்பது தொழில்சார் உளவியலில் பலமுறை உறுதிப்பட்ட முடிவு; ஆயினும் அதன் முற்பாதியைக் கைவிட்டுப் பிற்பாதியை மட்டும் திட்டமாக்கும் போக்கு மனிதவளத் துறையில் வேரூன்றி வருவது கவலைக்குரியது.

1979-இல் ராபர்ட் கராசெக் வகுத்த கோட்பாடு, வேலையின் அளவோடு, அதை எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்று பணியாளரே முடிவுசெய்யும் உரிமையையும் சேர்த்துப் பார்த்தது. ‘பணிக்கட்டுப்பாடு’ எனப்படும் அவ்வுரிமை குறைந்து சுமை மிகும்போதே அழுத்தம் உச்சம் பெறுகிறது என்பது அதன் சாரம். 1988-இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் ஸ்வீடன் தொழிலாளரை ஆராய்ந்து, சமூக ஆதரவை மூன்றாவது அளவாக இணைத்தனர்.

ஆதரவு என்பதும் ஒரே பொருளன்று. ஆறுதலாகக் கேட்பது, தகவல் தருவது, செய்த வேலையை மதித்துரைப்பது, வேலையில் நேரடியாகக் கைகொடுப்பது என அது பலவகைப்படும். இவற்றுள் இறுதியானது மட்டுமே சுமையைத் தொடுகிறது, அதுவும் பெரும்பாலும் சுமையை இடம்மாற்றுகிறதேயன்றிக் குறைப்பதில்லை. ஆள் பற்றாக்குறையுள்ள மருத்துவமனைப் பிரிவில் ஒரு செவிலியர் மற்றவரின் இரவுப் பணியை ஏற்கும்போது, பின்னவர் பெற்ற ஆதரவு முன்னவரின் மிகைநேரமாகிறது.

ஆதரவின் பின்னே சுமை மறைந்துபோகும் சிக்கலை ஜப்பானின் அளவீட்டு முறை தெளிவாகக் காட்டுகிறது. அங்கு ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள இடங்களில் ஆண்டுதோறும் அழுத்தச் சோதனை நடத்துவது 2015 டிசம்பர் முதல் சட்டப்படி கட்டாயம். அரசு பரிந்துரைக்கும் வினாப்பட்டியலில் 57 வினாக்கள் உள்ளன, தனியாள் முடிவு அவருடைய இசைவின்றி நிறுவனத்துக்குத் தரப்படுவதில்லை. பிரிவு வாரியாக ஆராயும்போது சுமையும் கட்டுப்பாடும் ஒரு வரைபடத்திலும், மேலாளர் ஆதரவும் சக பணியாளர் ஆதரவும் மற்றொன்றிலும் குறிக்கப்படுகின்றன. நாட்டின் சராசரியை 100 எனக் கொண்டு ஒவ்வொன்றிலும் நலக்கேட்டு எண் ஒன்று பெறப்பட்டு, இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் மொத்த எண் கிடைக்கிறது. சுமை சார்ந்த எண் 130 ஆகவும், ஆதரவு சிறந்திருப்பதால் அது சார்ந்த எண் 77 ஆகவும் அமையுமாயின், மொத்தம் ஏறத்தாழ 100, அதாவது சராசரி என்றே வரும். இறுதி எண்ணை மட்டும் படிக்கும் நிர்வாகத்துக்கு அந்தப் பிரிவில் குறையொன்றும் தென்படாது. குறை கணக்கிடும் முறையினுடையதன்று, இரு வரைபடங்களையும் தனித்தனியே வாசிக்காதவருடையது. (இப்பிரிவுவாரி ஆய்வைச் சட்டம் கட்டாயமாக்காமல், முயன்று செய்ய வேண்டிய கடமையாகவே வைத்திருந்ததும் எண்ணத்தக்கது.)

வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி என உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. இத்தகைய நேரச் சுமைக்கு ஆலோசனை அறையை மாற்றாக முன்வைப்பது தொழில்முறைத் தவறே.

ஆகவே, ஆதரவுத் திட்டங்களின் பயனை இவ்விதழுக்கு எழுதுவோர், அத்திட்டக் காலத்தில் ஆள் எண்ணிக்கை, மிகைநேரம், மறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவை எவ்வாறு மாறின என்ற விவரத்தையும் தம் கட்டுரையில் சேர்க்குமாறு வேண்டப்படுகின்றனர்.