வான் தீவுக்குப் பின் காரைச்சல்லி

தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் எஞ்சியது இரண்டே ஹெக்டேர்தான். சேதம் முழுவதையும் காலநிலையின் கணக்கில் எழுதிவிடுவது வசதி; ஆனால் நியாயமில்லை. சுண்ணாம்புக் காளவாசல்களுக்காகப் பவளப்பாறையைப் பல்லாண்டு வெட்டி எடுத்தார்கள். அலையை வாங்கி உடைத்த அரண் போனதும், அலை நேரே மணலில் வந்து விழுந்தது.

அந்த அரணின் வேலையைத்தான் 2015 முதல் அங்கே இறக்கப்பட்ட சுமார் 10,600 செயற்கைப் பாறைகள் செய்கின்றன. அடி அகன்று, தலை குறுகி, உடம்பெல்லாம் துளை விட்ட கான்கிரீட் பாறைகள். துளையில்லாச் சுவரில் மோதும் அலை திரும்பி வந்து அடிமணலை அரிக்கும். இங்கே நீர் துளைகளில் புகுந்து வெளியேறுவதால் வேகம் அடங்குகிறது. பின்புறம் மணல் படிகிறது. துளைக்குள் மீனும் குடியேறுகிறது. தீவு பிழைத்தது.

இப்போது அதே முறை, உலக வங்கி உதவி பெறும் 'டிஎன் ஷோர்' திட்டத்தில் காரைச்சல்லிக்குப் போகிறது. 1969-இல் 20.85 ஹெக்டேராக இருந்த தீவு, 2024-இல் வெறும் 3.14. வரவேற்கிறோம். ஆனால் கான்கிரீட் அலையை அடக்கும், கடல்நீரின் சூட்டை அடக்காது. இந்தத் தீவுகள் கிடக்கும் மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளம் வெளிறியது; 2016-இல் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு செத்தது. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறையான பார் மட்டும் இருந்தால் போதாது என்பது இந்த முத்துக்குளித்துறைக் கரைக்குத் தெரியாததா? முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது; பார்கள் அங்கேயேதான் கிடக்கின்றன.

கரிம உமிழ்வைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வேலை கரையில் நடக்க வேண்டியது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலையைத் தொடங்கியது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் அது பயன்படுகிறது. நல்ல தொடக்கம். பக்கத்திலேயே நிலக்கரி எரிக்கும் இரண்டு அனல்மின் நிலையங்களின் நிறுவுதிறன் சேர்ந்து 2,050 மெகாவாட். அதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் அளவு புரியும்.

காரைச்சல்லியில் பணியாற்றப்போகும் பொறியாளர்களிடமும் கடலுயிரியலாளர்களிடமும் நாம் கேட்பது இதுதான். கண்காணிப்புக்கான பத்தாண்டு நிதியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கச்சான் காற்றுக்கு முன்னும் வாடைக்குப் பின்னும் கரையை அளந்து, அந்த அளவுகளை வெளியிடுங்கள். திரேஸ்புரத்துச் சங்குகுளி மீனவர்களைப் படகோட்ட மட்டும் கூப்பிடாமல், கணக்கெடுப்பவர்களாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைவு அறிக்கையில் எத்தனை பாறை இறக்கினோம் என்பதோடு, அவற்றின்மீது எவ்வளவு பவளம் உயிரோடிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.