கலைஞர்களும் ஒப்பந்தங்களும்

எமது கலைஞர்களுள் பலர் வாய்ச்சொல்லை நம்பியே பாடலையும் நாடகப் பிரதியையும் கையளித்து விடுகின்றனர். படைப்பு பிரபலமடைந்த பின்னர் ஊதியத்துக்காகப் பிறர் வாசலில் காத்திருக்க நேரிடுகின்றது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் பொருளாதார உரிமைகளை அவரது வாழ்நாளிலும் மறைவின் பின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கின்றது. எனினும், 'சகல உரிமைகளும்' என்றுள்ள பத்திரத்தில் வாசியாது ஒப்பமிடுவோர் அவை அனைத்தையும் இழக்க நேரிடலாம். ஒருமுறை ஒலிபரப்ப அனுமதிப்பது வேறு. உரிமையையே விற்பது வேறு.

எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு, கொடுப்பனவு எப்போது என்பன எழுத்தில் இருத்தல் அவசியம். விளங்காத மொழியில் அமைந்த பத்திரத்தில் ஒப்பமிடலாகாது. ஒப்பமிட்டதன் பிரதியொன்றைத் தம்வசம் வைத்திருக்கவும் வேண்டும். கலை இலக்கிய அமைப்புகள் தம் அங்கத்தவர்களுக்கு இவற்றைத் தமிழில் விளக்கிக்கூற முன்வருதல் காலத்தின் தேவையாகும்.