கதவிலிருந்து நாற்காலி வரை

மனிதன் எப்படி நடக்கிறான் என்று ஆராய்வதற்காகவே வருடா வருடம் மாநாடு கூட்டுகிறார்கள் என்றால் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். வட அமெரிக்காவில் ஜி.சி.எம்.ஏ.எஸ்., ஐரோப்பாவில் எஸ்மாக் என்று இதற்கென இரண்டு சங்கங்கள் இருக்கின்றன. எலும்பு டாக்டர்கள், பிசியோதெரபிஸ்டுகள், இன்ஜினியர்கள் எல்லோரும் ஒன்றுகூடி, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, குதிகால் எப்போது தரையைத் தொடுகிறது என்று நாள் கணக்கில் விவாதிக்கிறார்கள்.

வெட்டி வேலை இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு முன்பெல்லாம் ஒரு வருடம் குதிகாலில் ஆபரேஷன், அடுத்த வருடம் முழங்காலில், அதற்கடுத்து இடுப்பில் என்று தொடர்ந்துகொண்டே இருக்கும். பிறந்தநாள் தோறும் அந்தக் குழந்தை கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். டொரான்டோ டாக்டர் மெர்சர் ராங் இதற்குப் 'பிறந்தநாள் நோய்' என்றே பெயர் வைத்தார். கேமராக்களும் தரையில் பதித்த விசைத்தட்டுகளும் வந்தபின், எந்தத் தசை குற்றவாளி, எது அதன் குறையைச் சரிக்கட்டப் பார்க்கிறது என்று முன்கூட்டியே பிரித்தறிய முடிந்தது. வேண்டியதையெல்லாம் ஒரே ஆபரேஷனில் முடிக்கும் வழக்கம் பரவியது.

என் ஆதங்கம் வேறு. நடையைப் பற்றி இவ்வளவு தெரிந்த மருத்துவம், என்னைப் போல எழுபதைத் தாண்டியவர்கள் நடப்பதைப் பார்ப்பதே இல்லை. டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறோம். டாக்டர் அப்போது ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தலை நிமிரும்போது நாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். பி.பி., சுகர், எடை எல்லாம் எழுதுகிறார்கள். அந்தப் பத்து அடி நடை மட்டும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

இத்தனைக்கும் அதில் இருக்கும் விஷயம் கொஞ்சமில்லை. 2011-ல் ஸ்டூடென்ஸ்கி குழுவினர் ஒன்பது ஆய்வுகளிலிருந்து 65 வயதுக்கு மேற்பட்ட 34,485 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வயது, ஆணா பெண்ணா, நடை வேகம் ஆகிய மூன்று மட்டும் தெரிந்தாலே போதும், பி.பி., புகைப்பழக்கம், பழைய நோய்கள் என்று நீண்ட பட்டியல் போட்டுக் கணிக்கும் ஆயுளை அதே அளவு சரியாகக் கணிக்கலாம் என்று தெரிந்தது. உடனே பூங்காவில் வேகமாக ஓடி ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்! வேகம் ஒரு அடையாளம்தான். அது குறைந்தால் காரணம் முழங்காலாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம், சர்க்கரையால் மரத்துப்போன பாதமாக இருக்கலாம், பார்க்கின்சனின் ஆரம்பமாகவும் இருக்கலாம். பி.பி. மாத்திரையால் எழுந்தவுடன் தலை சுற்றுவதுகூடக் காரணமாகலாம். இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு, விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதற்கு முன்பாகக் கண்டுபிடித்தால்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1997-ல் ஸ்வீடனில் முதியோர் விடுதியில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். கேமராவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. கூடவே நடந்து பேச ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

வேகத்தை அளப்பதும் இதே போல எளிதுதான். நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்க வேண்டும். 5 விநாடிக்கு மேல் ஆனால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே என்று அர்த்தம். கவனிக்க வேண்டிய நிலை. எங்கள் ஹாலில் இரண்டடி டைல்ஸ், கிட்டத்தட்ட ஆறரை டைல்ஸ் வரும். செல்போன் ஸ்டாப்வாட்சில் எனக்கு நாலரை விநாடி, வீட்டுக்காரம்மாவுக்கு நாலு. மார்க்கெட்டில் நான் எப்போதும் பின்தங்குவதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்துவிட்டது என்கிறாள்.

ஒரு நாளைக்கு அறுபது டோக்கன் பார்க்கும் டாக்டருக்கு இதற்கு ஏது நேரம் என்று கேட்பீர்கள். டாக்டர் எதற்கு? எடை பார்த்து பி.பி. எடுக்கும் நர்ஸம்மா போதுமே. எடை மெஷினிலிருந்து நான்கு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கலர் டேப் ஒட்டிவிட்டால், நாங்கள் எப்படியும் அந்த வழியாகத்தானே நடந்து போகிறோம்! எத்தனை விநாடி என்று அதே சீட்டில் பி.பி.க்குக் கீழே எழுதிவிடலாம்.