ஒரு பேர் என்றால் எத்தனை கிலோ?

லுணுகலையில் பசறை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டினார். "தம்பி, இதுல எத்தனை அரைப்பேர் போட்டிருக்காங்கன்னு பாருங்க." நாலாக மடித்து வைத்ததில் மடிப்புக் கோட்டில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. பத்து முழுப்பேர், ஏழு அரைப்பேர்: பத்து நாளுக்கு முழு நாட்கூலி, ஏழு நாளுக்குப் பாதிதான். "ஒரு நாளும் நேரத்தோட மலையை விட்டு இறங்கினதில்ல. பதினாறு, பதினேழு கிலோ எடுத்தேன். பதினெட்டு வேணுமாம்" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஏழு அரைப்பேர் என் மனதை விட்டுப் போகவில்லை.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது மலைநாடே மகிழ்ந்தது. நானும்தான். ஆனால் வர்த்தமானி ரூபாயைச் சொன்னதே தவிர, கிலோவைச் சொல்லவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில் கம்பனிகள் கை வைத்தன. ஆயிரத்துக்கு 16 கிலோ என்றால் கிலோவுக்கு 62 ரூபாய் 50 சதம். அதே ஆயிரத்துக்கு 20 கிலோ கேட்டால் 50 ரூபாய்தான். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாமலே கூலி குறைந்துவிடுகிறது.

நாள் கணக்கும் அப்படித்தான். வருடத்துக்கு 300 நாள் வேலை என்ற உறுதி, கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. கம்பனிகள் அதிலிருந்து விலகியதும் அந்த உறுதியும் போயிற்று. முன்பிருந்த 700 ரூபாயில் மாதம் 25 நாள் உழைத்தால் 17,500. ஆயிரத்தில் 15 நாள்தான் வேலை என்றால் 15,000. பிறகு 2024இல் 1,700 என்றார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட, அந்த வருடம் 1,350இல் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் சண்டை அந்த ஒற்றை எண்ணைச் சுற்றியே நடக்கிறது.

சம்பளத்தைக் கூட்டினால் வேலை குறையும் என்பது கம்பனிகளின் வாதம். ஆனால் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1992இல் குறைந்தபட்சக் கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தினார்கள். அங்குள்ள துரித உணவுக் கடைகளை பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் அலன் குரூகரும் ஆராய்ந்தார்கள். வேலை குறைந்ததாக அவர்கள் காணவில்லை. உழைப்பை வாங்க ஓர் ஆள்தான் இருக்கிறார் என்றால் கூலி முதலிலிருந்தே அமுங்கித்தான் கிடக்கும் என்பதைப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933இலேயே விளக்கியிருந்தார். தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அக்காவிடம் கேட்டேன்: "வேற இடத்துல கூடக் கொடுத்தா போவீங்களா?"

"காம்பராவை விட்டுட்டு எங்க தம்பி போறது?"

அவர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா கம்பனிக் காணியில் நிற்கிறது. வேலையை விட்டால் கூரைக்கும் பயம். பேரம் பேச வேண்டிய வாயை அந்தப் பயம் அடைத்துவிடுகிறது. அதனால்தான் தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுக் காணி உறுதி கொடுப்பதை வெறும் நலத்திட்டமாக நான் பார்ப்பதில்லை. கையில் உறுதிப் பத்திரம் இருக்கிற பெண் அடுத்த தோட்டத்தின் கூலியையும் விசாரிப்பாள், பதினெட்டு கிலோ ஏன் என்றும் கேட்பாள்.

சம்பள நிர்ணய சபை அடுத்து கூடும்போது ரூபாய்க்குப் பக்கத்திலேயே கிலோவையும் எழுதட்டும், மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதையும் எழுதட்டும். மழை மாதத்துக்கு ஒரு கணக்கு, கொழுந்து வற்றும் வெயில் மாதத்துக்கு வேறு கணக்கு. அந்த அக்காவின் பதினேழு கிலோ எந்த மாதத்தில் பறித்தது என்று சீட்டில் தேடிப் பார்த்தேன். ஓகஸ்ட், கொழுந்து வற்றும் வெயில் மாதம்.