ஸ்பைக் பஸ்டர்னு ஒரு தாயத்து

மக்களே, ரொம்ப நாளா ஒரு வயித்தெரிச்சல். இன்னைக்குக் கொட்டிடறேன்.

நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வீட்டு ஹால்ல ஒரு ஆம்ப் இருந்துச்சு. 4440 ஐசி, 12-0-12 டிரான்ஸ்பார்மர், எல்லாம் நானே பத்த வச்சது. அப்பா கடைசி வரைக்கும் ராத்திரி அதுலதான் பாட்டு கேட்டார். அதைக் காப்பாத்த என்ன வாங்கலாம்னு ராஜபாளையத்துல ஒரு கடையில கேட்டேன். "அண்ணே, இந்த ஸ்பைக் பஸ்டரை மாட்டுங்க, இடியே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது"ன்னார். ராஜபாளையம் நாய் மாதிரி காவல் காக்கும்னு நம்பி வாங்கிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு மழை ராத்திரி தெருக் கம்பத்துல நியூட்ரல் கழண்டுச்சு. எங்க வீட்டு குண்டு பல்பு கண்ணைக் கூசுது, எதிர்வீட்டு பல்பு அழுது வடியுது. நான் ஓடிப்போய் மெயினை அணைக்கறதுக்குள்ள காவல் நாயும் கருகிடுச்சு, ஆம்பும் போயிடுச்சு.

ஏன்? ரெண்டு பேஸுக்கு நடுவுல சுமார் 400 வோல்ட் இருக்கு. நியூட்ரல் அறுந்தா, லோடு கம்மியா இருக்கற வீட்டுக்கு 300, 350ன்னு ஏறும். ஸ்பைக் பஸ்டருக்குள்ள இருக்கற வேரிஸ்டர், மைக்ரோ செகண்டுல வந்து போற துள்ளலை அமுக்கத்தான் பிறந்தது. நிமிஷக் கணக்குல 350 நின்னா அதுவே சூடேறி எரியும். பக்கத்துல திரைச்சீலை இருந்தா வீடும் எரியும். பழைய வீடுகள்ல மூணாவது ஓட்டைக்கு எர்த்தே இருக்காது, அது தனிக் கூத்து.

ஐசி கணக்கையும் பாருங்க. 230 வந்தா, டயோடு தாண்டி சுமார் 16 வோல்ட் டிசி. 270 வந்தா 19. பாட்டு ஓடும்போது 4440 தாங்கறது 18தான். அப்ப 350க்கு?

"ஸ்டெபிலைசர் வைக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. ஃபிரிட்ஜுக்கு வைங்க, லோ வோல்டேஜ்ல கம்ப்ரசர் காயில் கருகும். ஆம்ப் லோ வோல்டேஜ்ல சாகாது. சத்தம் குறையும், கரகரக்கும், அவ்ளோதான். அதைக் கொல்றது ஹை வோல்டேஜ். உங்க ஸ்டெபிலைசர்ல ஹை கட் ஆஃப் இல்லைன்னா, அது லொட்டு லொட்டுன்னு ரிலே தட்டற டப்பா, காவல்காரன் இல்லை. 2012 பவர் கட்டுல நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல இருட்டுல உக்காந்திருந்தோமே, அப்பவும் பயம் கரண்ட் போறப்ப இல்லை, திரும்பி வர்றப்பதான்.

ஆக, ஆம்புக்கு வேண்டியது மூணே விஷயம். மெயின் போர்டுல ஹை-லோ கட் ஆஃப், கரண்ட் வந்து ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு இணைக்கற மாதிரி. ஒழுங்கான எர்த். பல்பு கூடிக் குறைஞ்சு எரிஞ்சா அன்னைக்கே மின்வாரியத்துல நியூட்ரலைப் பார்க்கச் சொல்றது. இடி இடிச்சா பிளக்கைக் கையால பிடுங்கணும். அதுக்குக் காசே வேண்டாம்.

இதுல ஒண்ணைக்கூட அந்தக் கடைக்காரர் சொல்லலை. சரி, அவருக்கு யாவாரம். ஆனா ஆயிரக்கணக்குல ஸ்பீக்கர் ஒயருக்கு அழற இசைப் பிரியர்கள்கூடச் சொல்றதில்லையே, அதுதான் எரிச்சல்.

புது ஐசி போட்டுட்டேன். பாடுது. அப்பாதான் இல்லை.

வர்ட்டா?