இரட்டை மஞ்சளின் பெயர் கவனம்

ரயில்வேயின் வண்ண விளக்கு சிக்னல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை தவிர நான்காவதாக ஒன்று உண்டு: இரட்டை மஞ்சள். விதிப் புத்தகம் அதற்கு இட்டிருக்கும் பெயர் ‘அட்டென்ஷன்’. கவனம். நிற்க வேண்டியதில்லை, ஆனால் அடுத்த சிக்னலுக்குத் தயாராகிவிட வேண்டும்.

கவனம் என்றதும் மன உறுதி, தியானம் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை எஞ்சின் அறையை எட்டிப் பார்க்கலாம். லோகோ பைலட்டின் மன உறுதியை மட்டும் நம்பி ரயில்வே வண்டி ஓட்டுவதில்லை. சிக்னல் கண்ணில் பட்டதும் அவரும் உதவி லோகோ பைலட்டும் அதன் நிலையை உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். முணுமுணுத்தால் போதாது, பக்கத்திலிருப்பவர் காதில் விழ வேண்டும். இருபது வருடம் அதே தடத்தில் ஓட்டியவருக்கும் விலக்கில்லை. பார்க்கிறவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் கண் தண்டவாளத்தின் மேல் இருக்கும்போதே மனம் மகளின் கல்யாணச் செலவைக் கூட்டிக்கொண்டிருக்க முடியும் என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த முறை இது. ஒருவர் கோட்டைவிட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார்.

இருவருமே அசந்துவிட்டால்? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. 60 வினாடிகள் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாவிட்டால் விளக்கு மினுக்கும். அடுத்து பஸ்ஸர் அலறும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாக விழும். வண்டி ஓடும்போது கைபேசி அணைந்திருக்க வேண்டும் என்பதும் விதி.

இவ்வளவும் யோசித்தவர்கள் உடம்பை மறந்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. 2025 ஏப்ரலில் ரயில்வே தந்த கணக்குப்படி 7,000க்கும் மேற்பட்ட எஞ்சின்களில் குளிர்சாதனம் வந்துவிட்டது. சிறுநீர் கழிக்கும் வசதி வந்தது 900இல்கூட இல்லை. சாப்பாட்டுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளையை விதியாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அதே சமயத்தில் சொல்லப்பட்டது. அடிவயிறு முட்டிக்கொண்டிருக்கும்போது இரட்டை மஞ்சளுக்கு எவ்வளவு கவனம் மிஞ்சும் என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை.

கவனத்தைக் கலைப்பது அரட்டையும் கிரிக்கெட்டும் மட்டும்தான் என்ற நினைப்பும் தவறு. வேலையே வேலையைக் கெடுக்கும். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் முன்சக்கரத்துக்கான ஒரு சின்ன பல்பு எரியவில்லை. விமானிகள் அனைவரும் அந்த பல்பிலேயே மூழ்கினார்கள். தானியங்கி உயரக் கட்டுப்பாடு விலகியதையும் விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதையும் யாரும் பார்க்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான், 10,000 அடிக்குக் கீழே விமானிகள் அவசியமற்ற எதையும் பேசவோ செய்யவோ கூடாது என்ற விதியை 1981இல் அமெரிக்கா கொண்டுவந்தது.

சாதாரண அலுவலகத்தில் தவறினால் யாரும் சாவதில்லை. அதனாலேயோ என்னவோ, அங்கே விதியும் இல்லை. பத்து மணிக்கு மீட்டிங்கில் ஊழியர்களின் கவனக்குறைவைக் கண்டித்த அதிகாரியே பதினொன்றுக்குள் நாலு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார். நாலுக்கும் உடனே பதில் வேண்டும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். தாவச் சொல்பவர் யார் என்பது பற்றி அலுவலகங்கள் பேசுவதில்லை. கைபேசியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுமாறு குமாஸ்தாவுக்குச் சுற்றறிக்கை விடுவது சுலபம். ஒரு மணி நேரம் அவரைக் கூப்பிடாமல் இருக்குமாறு மேலதிகாரிக்குச் சுற்றறிக்கை விட யார் இருக்கிறார்கள்?