பார்த்தாலே ஒட்டுமா?

கண் வலிக்காரரைப் பார்த்தாலே நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு நேயர் கேட்டார். ஒட்டாது. கசக்கிய கையும் துடைத்த துண்டும்தான் பரப்புகின்றன. தொழிற்பேட்டை விடுதியில் இருவர் ஒரே தலையணையில் மாறி மாறிப் படுத்தால் போதும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்குத்தான்; மற்றவரைக் காப்பாற்றாது. எம்சி எடுத்து வீட்டிலிருங்கள்.

சென்னையில் இதை ‘மெட்ராஸ் ஐ’ என்பார்கள். 1970-இல் பக்கத்துச் சிங்கப்பூரில் பரவிய கண் வலியிலிருந்து காக்சாக்கி ஏ24 வைரஸின் புது வகையைப் பிரித்தெடுத்தார்கள். வைரஸுக்கு ஆண்டிபயாடிக் சொட்டு மருந்து வேலை செய்யாது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்தால் எரிச்சல் தணியும். கெட்டியான மஞ்சள் பீளை வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய போத்தல்தான். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் ஹெர்பிஸ் புண்ணும் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. தாய்ப்பாலும் விடவேண்டாம், பாட்டி கோபித்தாலும் சரி.

கடும் வலி, வெளிச்சக் கூச்சம், மங்கிய பார்வை என்றால் காத்திருக்காதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே பந்திங் அல்லது கிள்ளான் மருத்துவமனைக்குப் போங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீளை கட்டினாலும் அப்படியே.